பாஸின் காது

கண்டிப் பக்கம் கராஜ்காரரை யாரும் மெக்கானிக் என்று கூப்பிடுவதில்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் அவர் 'பாஸ்'தான். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். கண்டியை அவர்கள் ஒருநாளும் ஆண்டதில்லை. 1796இல் கரையோரத்தையும் வெள்ளைக்காரனிடம் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள். சொல் மட்டும் எப்படியோ மலையேறி வந்து, கிறீஸ் படிந்த கைகளில் ஒட்டிக்கொண்டது.

நான் 1978இல், பதினாறு வயதில், கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு பாஸிடம் சேர்ந்தேன். திறந்த பொருளாதாரம் வந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்கு முந்திய இறக்குமதித் தட்டுப்பாட்டின் பழக்கம் அவரிடமிருந்து போகவேயில்லை. தேய்ந்த பொயின்டைத் தூக்கி எறியமாட்டார். அரத்தாளில் உரசித் திரும்பப் பூட்டுவார். எஞ்சின் நடுங்குகிறது என்று வண்டி வந்தால் பொனட்டைத் திறந்து, நீட்டு ஸ்குரூட்ரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் ஒற்றிக்கொள்வார். "கையை வைக்காதடா, மொதல்ல காதை வை" என்பார்.

தோட்டங்களுக்கு ஓடிய டீசல் கெப்களில் அவர் செய்கிற வேலை இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பதினேழாம் நம்பர் ஸ்பானரால் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக அரைச்சுற்றுத் தளர்த்துவார். டீசல் பீச்சும். சத்தம் தொய்ந்தால் அந்த சிலிண்டர் ஒழுங்காக உழைக்கிறது. தளர்த்தியும் சத்தம் மாறவில்லையென்றால் அதுதான் கள்ளன். நாலு நட்டு, ஒரு பழந்துணி, ஐந்து நிமிடம்.

பெற்றோல் வண்டிகளில் மலை வேறு விளையாடும். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர், நுவரெலியா 1868. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காபுரேட்டருக்கு அது தெரியாது. கொழும்பில் ஊற்றிய கணக்கிலேயே பெற்றோலை ஊற்றும். கடுகண்ணாவை ஏறி, கம்பளை, புசல்லாவை தாண்டுவதற்குள் புகை கறுத்து, ஐட்லிங்கில் வண்டி குலுங்கத் தொடங்கும். மேலே போகிறவர்களுக்காகப் பாஸ் மிக்ஸ்சர் ஸ்குரூவை ஒரு மயிரிழை திருப்பிவிடுவார். திரும்பி வரும்போது மறுபடி ஒரு மயிரிழை. ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்: பிஸ்கட் நிறம் நல்லது, கரி பிடித்திருந்தால் பெற்றோல் அதிகம், வெளிறியிருந்தால் போதாது.

பிறகு ஜப்பானில் ஓடி முடித்த ரீகண்டிஷன் வண்டிகள் வந்தன. அவற்றோடு சென்சர்களும் வந்தன. நான் அவற்றைப் பார்த்து மிரளவில்லை; பாஸின் வேலையைத்தான் பங்கு போட்டிருந்தார்கள். மிக்ஸ்சர் ஸ்குரூ பிடித்த கை அழுத்த சென்சராயிற்று. ப்ளக்கின் நிறம் பார்த்த கண் சைலன்சர்க் குழாயிலே ஒக்சிஜன் சென்சராயிற்று. குளிர்காலையில் சோக் இழுத்த விரல் தண்ணீர்ச் சூட்டு சென்சராயிற்று. பழைய டொயோட்டாக்களில் ஸ்கேனரும் வேண்டியதில்லை. பொனட்டுக்குள் இருக்கிற சிறு பெட்டியில் டீஈ1, ஈ1 என்ற இரண்டு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தால், எஞ்சின் விளக்கு கண்ணடித்துச் சொல்லும். இரண்டு தரம், சிறு இடைவெளி, மறுபடி இரண்டு தரம்: 22, தண்ணீர்ச் சூடு. நாலும் ஒன்றும்: திராட்டில் சென்சர். நிற்காமல் படபடத்தால் குறையில்லை என்று அர்த்தம்.

அந்தப் படபடப்பை நம்பித்தான் ஒருவர் ஏமாந்தார். கெட்டம்பேயிலிருந்து பெற்றோல் ஹைலக்ஸ் ஒன்றை என் கராஜுக்குக் கொண்டுவந்தார். 2008இல் புகைப் பரிசோதனை தொடங்கிய பிறகு, சான்றிதழ் இல்லாமல் வருட லைசன்ஸ் எடுக்க முடியாது; ஐட்லிங்கிலும் புகையை அளக்கிறார்கள். இவருடைய வண்டி தோற்றுவிட்டது. "மூணு இடத்துல மூணு சென்சர் மாத்திட்டாங்க பாஸ், நடுக்கம் போகல" என்றார். விளக்கோ குறையில்லை என்று படபடத்தது.

எஞ்சினைச் சூடாக்கிவிட்டு நிறுத்தி மீற்றரை வைத்தேன். தண்ணீர்ச் சூட்டு சென்சரின் இரண்டு காலிலும் 300 ஓம் அளவு. சூடான எஞ்சினுக்குச் சரி. அதே வயரின் மறுமுனையில், கம்பியூட்டர்ப் பெட்டியின் சொக்கட்டில், இரண்டாயிரத்துக்கும் மேல். எஞ்சின் கைவைக்க முடியாத சூட்டில். கம்பியூட்டரோ விடியற்காலைக் குளிரென்று நினைத்துப் பெற்றோலை வார்க்கிறது. வயர் முழுதாக அறுந்திருந்தால் 22 என்று கண்ணடித்திருக்கும். இரண்டாயிரம் என்பது குளிர்ந்த எஞ்சினுக்கு நியாயமான கணக்கு. பொய்யென்று அதற்கு எப்படித் தெரியும்? வயரைத் தடவிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு சொக்கட்டுக்குள் பச்சைக் களிம்பு. மகாவலிக் கரையில் மழைக்கும் பனிக்கும் கிடந்த வண்டி. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, பின்னை இறுக்கிப் பூட்டினேன். அடுத்த ஸ்டார்ட்டில், டேஷ்போர்டில் வைத்திருந்த பிளேன்டீ கிளாசில் அலை நின்றது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 வரை புது வண்டி இல்லை. முப்பது வயதுக் கெப்புக்கும் பெண் பார்க்க வருவதுபோல ஆள் வந்தது. இப்போது பொடியன்மார் ஸ்கேனரோடு வருகிறார்கள். எனக்கும் ஒன்று வாங்கித் தந்திருக்கிறான் மகன். நல்ல சாமான்தான், வேண்டாமென்று சொல்லமாட்டேன். கெட்டம்பேக்காரர் அன்றைக்குக் காசு கொடுத்துவிட்டு, முந்திய இடங்களில் கழற்றிக் கொடுத்த மூன்று பழைய சென்சர்களையும் என் மேசையிலேயே விட்டுப்போனார். மூன்றையும் அளந்து பார்த்தேன், மூன்றும் நல்லவை. இரண்டைப் பிறகு வேறு வண்டிகளுக்குப் பூட்டிவிட்டேன். ஒன்று இன்னும் லாச்சிக்குள், பாஸின் ஸ்குரூட்ரைவருக்குப் பக்கத்தில் கிடக்கிறது.