யார் பெயரில் வீடு?

சுனாமி வீட்டுத்திட்டங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை எத்தனை வீடு, எந்த நாட்டுப் பணம் என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. வீடு யார் பெயரில் எழுதப்பட்டது என்ற கேள்வி அவற்றில் அருமையாகவே வருகிறது. கிழக்கைப் பொறுத்தவரை என் பார்வையில் அதுதான் முதற் கேள்வி.

நமது கரையோர ஊர்களில், முஸ்லிம்களானாலும் தமிழர்களானாலும், வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணுக்குரியவை. மகள் பிறந்ததுமே வாப்பாவுக்குக் கல்லும் மண்ணும் சேர்க்கும் கவலை தொடங்கிவிடும். கல்யாணத்தோடு மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருகிறார். அக்கரைப்பற்றில் 1969 முதல் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதனை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இவ்வழக்கம் பெண்ணைப் பெற்றவர்களை வாட்டுகிறது என்பதை மறுப்பதற்கில்லை; அது வேறொரு கட்டுரைக்குரியது. ஆயினும் கணவன் கைவிட்டுப் போனாலும் அவளுக்கு ஒரு கூரை மிஞ்சியது இதனால்தான்.

2004 டிசம்பர் 26 அந்த வீடுகளிற் பலவற்றைக் கொண்டுபோயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் 2005 இல், கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாதென்று அரசு விதித்தது. (தெற்கில் 100 மீற்றர்தான், ஏன் என்று எங்களுக்கு எவரும் விளங்கப்படுத்தவில்லை.) கரையில் தன் பெயரில் உறுதி வைத்திருந்த பெண், உள்ளே அரச காணிக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே படிவம் 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டது. பல இடங்களிற் கணவனின் பெயரே எழுதப்பட்டது. அரச காணி அனுமதிப்பத்திரங்களை ஆண்ட 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனையே வைத்திருந்தது.

உதவ வந்த நிறுவனங்களிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. அவர்களது திட்ட அறிக்கைகளிற் பெண்ணுரிமை தாராளமாக இருந்தது. ஆனால் இங்குள்ள பெண்ணிடம் ஏற்கெனவே என்ன இருந்தது என்று அவர்களிற் பலர் விசாரிக்கவில்லை. மட்டக்களப்பிற் பெண்கள் அமைப்புகள்தாம் இதைக் கண்டு, கூட்டு உரித்தாவது தாருங்கள் என்று குரல் எழுப்பின.

200 மீற்றர் எல்லையும் நிலைக்கவில்லை. 2006 அளவில் அது தளர்த்தப்பட்டது. அதற்கு முன்பே உள்ளே போய்விட்டவர்களின் பெண்பிள்ளைகள் இப்போது கல்யாண வயதைக் கண்டுவிட்டார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் உறுதியைக் கேட்கிறார்கள். இருப்பதோ வாப்பா பெயரில் ஓர் அனுமதிப்பத்திரம். பிரதேச செயலகத்தின் சம்மதமின்றி அதை மகளுக்கு எழுதிக்கொடுக்க இயலாது.