ஒரே மாத்திரை, ரெண்டு உடம்பு: டிபி மருந்து சொல்லிக்கொடுத்த பாடம்

1/
அண்ணன், தம்பி. ஒரே வீடு. அண்ணனுக்கு டிபி வந்து, வீட்டில் மத்தவங்களைப் பரிசோதிச்சப்போ தம்பிக்கும் இருந்தது. ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை. அதனால ஒரே மாத்திரை, ஒரே எண்ணிக்கை. ரெண்டாவது மாசம் தம்பி ஓபிக்கு வந்தார். "சார், ராத்திரியானா ரெண்டு பாதமும் எரியுது. ஊசி குத்துற மாதிரி இருக்கு. தூக்கமே இல்ல."

2/
"அண்ணனும் இதே மாத்திரைதான் சாப்பிடறான். அவனுக்கு ஒண்ணும் இல்ல. நான் சும்மா பயப்படறேன்னு சொல்றான் சார்." நாலு நாளா மாத்திரையையே நிறுத்திட்டார். டிபியில் பெரிய ஆபத்தே இதுதான். பாதியில் விட்டா கிருமி மருந்துக்கு அடங்காமல் போக வாய்ப்பு உண்டு. ஆனா அவர் சொன்ன எரிச்சல் கற்பனை இல்ல மக்களே. அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. அதில் நம்ம சென்னைக்கும் பங்கு உண்டு.

3/
மருந்தோட பேர் ஐசோனியாசிட். 1912-ல் பிராக் நகரில் மேயர், மாலி என்ற ரெண்டு வேதியியலாளர்கள் இதைத் தயாரிச்சாங்க. டிபிக்குக் கேட்கும்னு அப்போ யாருக்கும் தெரியாது. 40 வருஷம் சும்மாவே கிடந்தது. 1951-52-ல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தப்போ, படுத்த படுக்கையா இருந்தவங்க எழுந்து நடமாட ஆரம்பிச்சாங்க. விலையும் குறைவு. உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

4/
கூடவே ஒரு சிக்கலும் வந்தது. சிலருக்கு மட்டும் கை கால் மரத்துப் போச்சு, பாதம் எரிஞ்சது. ஐசோனியாசிட் நம்ம உடம்பில் இருக்கும் பி6 வைட்டமினோட சேர்ந்து, அதை சிறுநீரில் வெளியே இழுத்துட்டுப் போயிடும். பி6 இல்லாம நரம்பு வாடும். 1950-களின் நடுவிலேயே இதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. சரி, ஏன் சிலருக்கு மட்டும்?

5/
விடை கல்லீரலில் இருந்தது. ஐசோனியாசிட்டைச் செயலிழக்க வைக்க அங்கே ஒரு நொதி இருக்கு. சிலருக்கு அது வேகமா வேலை செய்யும். சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்து பாதியாயிடும். சிலருக்கு மெதுவா வேலை செய்யும். பாதியாகவே மூணு மணி நேரம் ஆகும். மருந்து அதிக நேரம் தங்குற இந்த ரெண்டாவது கூட்டத்துக்குத்தான் நரம்புப் பிரச்சனை அதிகம்.

6/
1960-ல் பிரைஸ் எவன்ஸ், மக்கூசிக் குழு குடும்பம் குடும்பமா ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. இந்த வேகம் பரம்பரையா வருதுன்னு உறுதியாச்சு. அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு வர்ற ரெண்டு மரபணுவும் மெதுவான வகையா இருந்தாத்தான் ஆள் 'மெதுவான' ரகம். ஒண்ணு வேகமா இருந்தாலும் தப்பிச்சுக்கலாம். அதனால ஒரே வயித்தில் பிறந்த அண்ணன் ஒரு ரகம், தம்பி வேற ரகமா இருக்கலாம்.

7/
இதே காலத்தில்தான் இந்தத் துறைக்கே பேர் வந்தது. மருந்தின் விளைவுக்கும் பரம்பரைக்கும் உள்ள தொடர்பை 1957-ல் மோடுல்ஸ்கி கட்டுரையா எழுதினார். 1959-ல் ஜெர்மனியின் ஃபோகல் அதுக்கு ஃபார்மகோஜெனடிக்ஸ்னு பேர் வச்சார். இன்னைக்கு 'தனிநபர் மருத்துவம்'னு பேசறோமே, அதோட வேர்களில் ஒண்ணு இந்த டிபி மாத்திரை.

8/
இப்போ சென்னைக்கு வருவோம். 1956-ல் ஐசிஎம்ஆர், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சேர்ந்து இங்கே ஒரு டிபி சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினாங்க. இன்னைக்கு சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. சானடோரியத்தில் படுக்க வேண்டாம், வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டு டிபியைக் குணப்படுத்தலாம்னு 1959-ல் உலகத்துக்குக் காட்டின இடம்.

9/
அங்கே நோயாளிகளை மெதுவான ரகம், வேகமான ரகம்னு பிரிச்சும் பார்த்தாங்க. நம்ம ஊரில் பாதிக்கு மேல மெதுவான ரகம். ஜப்பானில் சுமார் பத்தில் ஒருத்தர்தான். நரம்புப் பிரச்சனை பெரும்பாலும் மெதுவான ரகத்துக்கே வந்தது. குறைந்த அளவு பி6 கொடுத்தாலே அதைத் தடுக்க முடிஞ்சது.

10/
அப்போ வேகமான ரகம்தான் அதிர்ஷ்டசாலியா? அதுவும் இல்ல. வாரம் ஒரு தடவை மட்டும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிட்டும் கொடுத்துப் பார்த்தப்போ, வேகமான ரகத்துக்குக் குணம் குறைவா இருந்தது. கிருமியை அடிக்கும் முன்னாடியே மருந்து காலி. வாரம் ரெண்டு தடவை கொடுத்தப்போ அந்த வித்தியாசம் பெருசாத் தெரியல.

11/
இங்கேதான் எனக்குப் பிடிச்ச விஷயம். மரபணு முக்கியம்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனா ஒவ்வொரு ஏழை நோயாளிக்கும் டெஸ்ட் எடுக்கணும்னு அடம் பிடிக்கல. மெதுவானவங்களைக் காப்பாத்த பி6 சேர்த்தாங்க. வேகமானவங்களைக் காப்பாத்த மருந்து இடைவெளியைக் குறைச்சாங்க. யார் எந்த ரகமா இருந்தாலும் சிகிச்சை வேலை செய்யணும், அவ்வளவுதான்.

12/
டெஸ்ட்டே வேண்டாம்னு சொல்ல வரல. அந்த நொதிக்கான மரபணுவை இப்போ என்ஏடி2-ன்னு சொல்றோம். அதைப் பார்த்து ஐசோனியாசிட் அளவை மாத்தினா கல்லீரல் பாதிப்பு குறையுதுன்னு 2013-ல் ஜப்பான் ஆய்வு ஒண்ணு காட்டிச்சு. ஒருநாள் நம்ம அரசு மருத்துவமனைக்கும் அந்த டெஸ்ட் வரட்டும். ஆனா அது வரும்வரை நோயாளி காத்திருக்க முடியாது இல்லையா?

13/
தம்பிகிட்ட திரும்ப வர்றேன். சுகர் இல்ல, குடிப்பழக்கம் இல்ல. "கூட ஒரு சின்ன மாத்திரை கொடுத்தாங்களே, அது சாப்பிடறீங்களா?"ன்னு கேட்டேன். "அது சத்து மாத்திரைதானே சார்? நல்லா சாப்பிடறேனேன்னு விட்டுட்டேன்." அதுதான் பி6. முதல் நாள் "இது வைட்டமின்"னு ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பினது வேற யாரும் இல்ல, நான்தான். ஓபியில் கூட்டம்னு காரணம் சொல்லலாம். ஆனா அந்த நாலு நாள் இடைவெளியில் என் பங்கும் இருக்கு.

14/
அண்ணனையும் கூப்பிட்டு உட்கார வச்சு மேலே சொன்ன கதையைச் சுருக்கமாச் சொன்னேன். தம்பி அன்னைக்கே டிபி மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சார், பி6-ம் சேர்த்து. எரிச்சல் ஒரே நாளில் போகல. சில வாரத்தில் குறைஞ்சது. அவர் எந்த ரகம்னு நான் டெஸ்ட் பண்ணல. அவரைக் காப்பாத்த அது தேவைப்படவும் இல்ல.

15/
டிபி மாத்திரை சாப்பிடறவங்க கவனத்துக்கு: பாதம் எரிஞ்சாலோ, கண் மஞ்சளானாலோ, வாந்தி நிக்கலைன்னாலோ உடனே டாக்டரைப் பாருங்க. நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. பி6-ஐ நீங்களா கடையில் வாங்கி அதிகமாப் போடாதீங்க, அளவு மீறினா அதுவே நரம்பைக் கெடுக்கும். முக்கியமா, வீட்டில் ஒருத்தருக்கு ஒத்துக்கிட்ட மருந்து இன்னொருத்தருக்கு ஒத்துக்கலைன்னு சொன்னா நம்புங்க. பொய் சொல்றது அவர் இல்ல. உடம்பு வேற.