பணம் எங்கே போய்ச் சேருகிறது?

பள்ளிக்கல்விக்கு அரசு கூடுதலாகச் செலவிட்டால் மாணவர்களின் தேர்ச்சி உயருமா? நிதிநிலை அறிக்கையின்போதும் பொதுத்தேர்வு முடிவுகளின்போதும் எழுந்து, ஒரு வாரத்தில் அடங்கிவிடும் கேள்வி இது. பொருளியல் அறிஞர்களின் பாடு என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் கடலூர், சிதம்பரம் வட்டார வரலாற்றைப் புரட்டினால் விடையின் சில பகுதிகள் அங்கேயே கிடைக்கின்றன.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடும் அதில் அடக்கம். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒன்று. கல்வி தாழ்ந்திருந்ததற்கு அவர் கண்ட காரணங்களுள் ஒன்று ஆசிரியரின் வறுமை. மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனவே ஆட்சியர் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய், தாசில்தார் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய் என அரசே மாதச் சம்பளம் தரும் திட்டத்தை வகுத்தார். மறு ஆண்டே மன்றோ காலராவில் இறந்தார். தொடங்கப்பட்ட பள்ளிகள் 1836இல் கைவிடப்பட்டன. சம்பளம் இருந்தது, தேர்ந்த ஆசிரியரும் முறையான மேற்பார்வையும் போதவில்லை.

இது பழங்கதை அன்று. நம் காலத்தில் இந்தோனேசியா, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படை ஊதியத்தை இரட்டிப்பாக்கியது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியரின் மனநிறைவு கூடியது, மாணவரின் கற்றல் கூடவில்லை என்று காட்டியது.

அப்படியானால் விளைவைப் பார்த்துப் பணம் கொடுக்கலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தாயிற்று. இங்கிலாந்தில் 1862இல் வந்த முறைப்படி, ஆய்வாளர் முன் மாணவர் வாசித்து, எழுதி, கணக்குப் போட்டுத் தேறுவதைப் பொறுத்தே பள்ளியின் மானியம் அமைந்தது. கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் பள்ளி ஆய்வாளராகவும் இருந்தவர். அவர் இதை அன்றே எதிர்த்தார். சென்னை மாகாணத்துக்கும் இம்முறை வந்தது. மானியத்துக்காகப் படிப்பு ஆய்வு நாளுக்கான மனப்பாடமாகச் சுருங்கும் அபாயம் இதில் இயல்பாகவே உண்டு. 1904ஆம் ஆண்டின் இந்தியக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் கைவிடச் சொன்னது. இன்று தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்துவோர் இதை நினைவிற்கொள்வது நல்லது.

இன்னொரு சான்று சிதம்பரத்திலேயே இருக்கிறது. நந்தனாரைப் புறத்தே நிறுத்திய கதை வழங்கும் ஊரில், சுவாமி சகஜானந்தர் 1916இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். பள்ளியோடு விடுதியும் அமைந்தது. தங்க இடமும் உண்ண உணவும் இல்லாத பிள்ளைக்கு வகுப்பறை மட்டும் போதாது என்பதை அந்த ஏற்பாடு உணர்ந்திருந்தது. அங்கே செலவிட்ட ஒவ்வொரு ரூபாயும், அதுவரை பள்ளி வாசலையே காணாத ஒரு பிள்ளையைச் சென்றடைந்தது. அதன் பலனை எந்தத் தேர்ச்சிப் பட்டியலில் குறிப்பது?

1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022இல் வந்த காலை உணவும் அதே வழியில் வந்தவை. பசித்த குழந்தை பள்ளிக்கு வருவது முதற்படி. அது கற்றதா என்பது அடுத்த கேள்வி. முதற்படிக்கான செலவு அடுத்ததையும் தானே தந்துவிடாது. முதற்படி இல்லாமல் அடுத்ததும் இல்லை.

அண்மைச் சான்றொன்று. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடியிருந்தபின், 2021இல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே கற்பித்தார்கள். தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதங்களில் மீண்டது என்றும், அம்மீட்சியில் கால்பங்களவு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கண்டனர். தொகை சிறிது. ஆனால் அது குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பவரிடம் போய்ச் சேர்ந்தது.

‘செலவுக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பில்லை’ என்று சொல்லி நிதியைக் குறைக்க விழைவோர் உண்டு. அமெரிக்காவில் பள்ளிச் செலவு உயர்ந்த காலத்தில் படித்த ஏழைப் பிள்ளைகள் கூடுதல் ஆண்டுகள் கற்று, வளர்ந்தபின் கூடுதலாக ஈட்டினர் என்கிறது 2016இல் வெளிவந்த ஜாக்சன் குழுவினரின் ஆய்வு. வெட்டினால் முதலில் வெளியேறுபவர்களும் அவர்களே. ஆகவே எவ்வளவு என்ற கேள்வியை விடாமல் கேட்போம். யாருக்கு, எதற்கு என்ற கேள்விகளையும் அதனுடன் சேர்த்தே கேட்போம். மன்றோ முதற்கேள்வியோடு நின்றார். சகஜானந்தர் மற்ற இரண்டிலிருந்து தொடங்கினார்.