மாரிஸ் மைனரின் முன்பாகம்

1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஜனங்களின் பார்வைக்கு வந்து, பிற்பாடு பதினாறு லட்சத்துக்கும் மேலாகப் பெருகி, இலங்கைத் தெருக்களிலும் வெகுகாலம் பிரசித்தமாய் ஓடிய மாரிஸ் மைனரைச் சிருஷ்டித்த அலெக் இஸிகோனிஸ், சுருள்வில்லை விலக்கி, வண்டியின் நீளவாக்கில் கிடத்திய டார்ஷன் பார் என்னும் முறுக்குத் தண்டுகளின்மேல் முன்பாகத்தின் பாரத்தை ஏற்றினார். அத்தண்டோடு பிணைந்த கீழ்க் கை அசையும் இடத்தில் இரண்டு ரப்பர் புஷ்கள். உராயும் உலோகத்துக்கு ஓயாமல் கிரீஸ் ஏற்றி அலுத்திருந்த முந்திய தலைமுறைக்கு, மசகே வேண்டாத இந்த ரப்பர் ஒரு விமோசனமாகவே தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் சக்கரம் திரும்பும் டிரன்னியனோ பழைய சம்பிரதாயப்படி மரையும் கிரீஸுமாகவே நின்றது. அதை மறந்தவர்களின் வண்டியில் மரை தேய்ந்து, சக்கரம் திடீரென உள்ளே மடங்கிவிடும் அபாயம் நேர்ந்தது. இது அவ்வண்டியின் மெய்யான குறை என்பதே என் அபிப்பிராயம்.

மசகு வேண்டாத ரப்பருக்கும் கவனிப்பு உண்டு. பிரேக் பிடிக்கையில் 'டக்'கென்று சத்தம் கேட்டால், கீழ்க் கை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும் டை ராடின் புஷ்ஷை முதலில் பார்க்க வேண்டும். மேல் கையாகவும் உழைக்கும் ஷாக் அப்சார்பர் ஒழுகினால், அந்த எண்ணெயே ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். ஆதலால் ஒழுகலை நிறுத்தாமல் புதுப் புஷ் போடுவது வீண் செலவு. புதிதாகப் போடுகிறவர்கள் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, முழுப் பாரமும் சக்கரங்களில் நின்ற பிறகே நட்டுகளை இறுதியாக முறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் ஓயாத முறுக்கத்தில் கிடந்து சீக்கிரமே கிழியும்.