தந்தையின் படம், தாயின் படம்

தமிழில் மனப்பிறழ்வைப் பற்றிய திகில் படங்களைப் பேசத் தொடங்கினால் ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘மூடுபனி’ என்ற இரண்டு பெயர்களும் ஜோடியாகத்தான் வாயில் வரும். முன்னது 1978, பின்னது 1980. இரண்டுக்கும் இளையராஜாவே இசை. இரண்டிலும் சிறுவயதில் காயம்பட்ட மனம், வளர்ந்தபின் பெண்களைக் கொல்லும் கை. கதையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பேச்சு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒளிப்பதிவை வைத்து ஒப்பிடத் தொடங்கினால்தான் அது தீராமல் நீள்கிறது. ‘சிகப்பு ரோஜாக்க’ளில் பி.எஸ். நிவாஸின் கேமரா காட்டிக் காட்டி அச்சுறுத்துகிறது, ‘மூடுபனி’யில் பாலு மகேந்திராவின் கேமரா மறைத்து மறைத்து அச்சுறுத்துகிறது என்றுதான் முதல் பார்வைக்குப் படும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் காட்டுவதும் மறைப்பதும் தம்முள் இடம் மாறிக்கொள்வது தெரியவரும்.

காரைக்காலில் உட்கார்ந்து இதை எழுதுகிறவனுக்கு இவ்விரு ஒளிப்பதிவாளர்களின் ஊர்களும் சேர்ந்தே கண்ணில் படுகின்றன. நிவாஸ் கோழிக்கோட்டுக்காரர். எங்களோடு ஒரே ஒன்றியப் பிரதேசத்தில் சேர்ந்திருக்கும் மாஹே அந்த ஊருக்கு வடக்கே, அதே மலபார்க் கரையில் இருக்கிறது. பாலு மகேந்திரா மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். எங்கள் கரையில் அடிக்கும் அதே வங்கக் கடல்தான் அங்கும் அடிக்கிறது, அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கும் பெய்கிறது. முன்னவர் சென்னை அடையாற்றில் ஒளிப்பதிவு படித்தார், பின்னவர் புனேயில் படித்தார். இருவரும் தமிழ்த் திரைக்கு வெளியூரிலிருந்து வந்த கண்கள். நிவாஸுக்கு மலையாள ‘மோகினியாட்டம்’ படத்துக்காகவும், அதற்கு அடுத்த ஆண்டு பாலு மகேந்திராவுக்குக் கன்னட ‘கோகிலா’வுக்காகவும் தேசிய விருது கிடைத்தது. இரண்டுமே கறுப்பு-வெள்ளை ஒளிப்பதிவுக்குரிய விருதுகள். கறுப்பிலும் வெள்ளையிலும் விருது வாங்கிய இந்த இருவர் எடுத்த திகில் படங்களோ இன்றைக்கு ஆளுக்கொரு நிறமாக நினைவில் நிற்கின்றன. ஒன்று சிவப்பு, மற்றது வெளுத்த சாம்பல்.

சிவப்பிலிருந்து தொடங்கலாம். ‘சிகப்பு ரோஜாக்க’ளின் கொலையாளி திலீப்பின் மாளிகைத் தோட்டத்தில் ஒவ்வொரு ரோஜாச் செடியும் ஒரு பிணத்தின் மேல் நிற்கிறது. குறியீடு என்ற வகையில் இது வெளிப்படையானது, கொஞ்சம் உரத்ததும்கூட. ஆனால் நிவாஸின் கேமரா அந்தப் பூக்களைக் கோரமாகக் காட்டுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பூ பூவாகவே, வெயிலில், அழகாகவே இருக்கிறது. திலீப்பாக நடிக்கும் கமல்ஹாசனின் முகத்துக்குக் கொடுக்கும் அதே மரியாதையைக் கேமரா பூவுக்கும் கொடுக்கிறது. கண்ணைப் பறிக்கும் சிவப்பு இந்தப் படத்தில் மண்ணுக்கடியில் இருப்பதை மூடிவைக்கும் வேலையைச் செய்கிறது. எச்சரிக்கையின் நிறம் என்று நாம் பழகியிருக்கும் ஒன்றை மறைப்பின் நிறமாக மாற்றியதுதான் இந்தப் படத்தின் நுட்பம்.

பனியில் நடப்பது இதற்கு நேர் எதிர். டெல்டாக்காரர்களான எங்களுக்குப் பனி தெரியும். தை மாதத்து விடியலில் திருநள்ளாறு சாலையில் போனால் இருபுறமும் வயல் தெரியாது. எதிரே வரும் பேருந்தின் விளக்கு மட்டும் இரண்டு மஞ்சள் கறையாக முதலில் தெரியும், பிறகு முகப்பு, பிறகு ஓட்டுநர். ஏழரை மணிக்கெல்லாம் வெயில் ஏறி எல்லாம் துலங்கிவிடும். எங்கள் பனி விலகும் பனி. பாலு மகேந்திரா ஊட்டியில் பிடித்த பனி அப்படி விலகுவதில்லை, உள்ளே இருப்பவர்களை இன்னும் நெருக்கமாக ஓர் அறைக்குள் தள்ளுகிறது. மலைச்சரிவும் சாலையும் மறைந்துபோனபின் பார்ப்பதற்கு மிஞ்சுவது கொலையாளி சந்துருவின் முகமும் அவன் கடத்திவந்த ரேகாவின் முகமும்தான். சமதரையில், களப்புக் கரையில் வளர்ந்த ஒருவர் மலைப்பனியை இத்தனை உன்னிப்பாகப் பார்த்ததில் வியப்பில்லை. மலையில் பிறந்தவருக்குப் பழகிச் சலித்தது இவர் கண்ணுக்குப் புதிது. ஆக, ரோஜா மறைக்கிறது, பனி காட்டுகிறது.

கேமராவின் நடையிலும் இந்த எதிர்நிலை தொடர்கிறது. கிராமத்துப் படம்தான் எடுக்கத் தெரியும் என்ற பேச்சுக்குப் பதிலாகப் பாரதிராஜா எடுத்த நகரத்துப் படம் ‘சிகப்பு ரோஜாக்கள்’. அந்தப் பதிலின் வேகம் படத்தின் ஒவ்வோர் அசைவிலும் இருக்கிறது. ஜூம் பாய்ந்து போய் ஒரு கண்ணைப் பிடிக்கிறது. வெட்டு, நாம் மூச்சு விடுமுன் அடுத்த இடத்துக்கு இழுக்கிறது. எழுபதுகளின் இந்தப் பழக்கங்களில் பல இன்று பழையதாகத் தெரிந்தாலும், வேட்டையாடுகிறவனின் பொறுமையின்மைக்கு அவை பொருந்திப் போகின்றன. ‘மூடுபனி’யின் கேமராவுக்கு அந்த அவசரமே இல்லை. ஜன்னல் வழியே வருகிற ஒளிக்கு ஏற்ப ஆளை உட்காரவைத்து, அந்த ஒளி போதாத இடத்தை இருட்டாகவே விட்டுவிடுகிறது. பாதி முகம் தெரிந்தால் போதும் என்ற நம்பிக்கை அதற்கு இருக்கிறது. திலீப்பைப் பார்க்கும்போது அடுத்து என்ன செய்வான் என்று பதறுகிறோம். சந்துருவைப் பார்க்கும்போது இப்போது என்ன நினைக்கிறான் என்று பதறுகிறோம்.

உலக சினிமாவிலும் இதற்கு ஓர் இரட்டை உண்டு. 1960ஆம் ஆண்டில் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வும் மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’ படமும் வெளிவந்தன. பவலின் கொலையாளி தான் கொல்லும் பெண்களின் அச்சத்தைப் படம்பிடிக்கிறான். அவனைச் சிறுவயதில் படம்பிடித்துப் படம்பிடித்துச் சிதைத்தவர் அவனுடைய தந்தை. ஹிட்ச்காக்கின் கொலையாளிக்குள்ளோ தாய் குடியிருக்கிறாள். ‘மூடுபனி’யை ‘சைக்கோ’வோடு சேர்த்துப் பேசுவது வழக்கம்தான். ‘சிகப்பு ரோஜாக்க’ளைப் ‘பீப்பிங் டாம்’ பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம் இரண்டு படங்களும் எங்கே பிரிகின்றன என்பது துலங்கும். திலீப் தன் கொலைகளைப் படம்பிடிப்பது வளர்ப்புத் தந்தை பார்த்து மகிழ்வதற்காக. சந்துரு கொல்வதோ தாய் பட்ட துன்பத்தின் நினைவுக்காக. முன்னது தந்தையின் படம், பின்னது தாயின் படம்.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே இரண்டின் ஒளிப்பதிவும் கிளைக்கிறது என்பது என் எண்ணம். தந்தைக்குச் சாட்சி வேண்டும், அதனால் அங்கே கொலை ஒரு காட்சிப்பொருளாகிறது. திரைக்குள் இன்னொரு திரை வருகிறது, அதைப் பார்க்க இன்னொரு பார்வையாளர் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கிழவரைப் பார்த்து அருவருக்கிறோம். ஆனால் அவர் பார்ப்பதையே நாமும் காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற உறுத்தலை நிவாஸின் கேமரா நம் மடியில் வைத்துவிட்டு நகர்கிறது. தமிழ்ப் படமொன்று பார்வையாளனைத் தன் குற்றத்தில் கூட்டாளியாக்கிய அரிய தருணம் அது. தாய்க்குச் சாட்சி வேண்டியதில்லை. அவள் பார்ப்பவள் அல்ல, நினைக்கப்படுகிறவள். அதனால் ‘மூடுபனி’யில் கொலை காட்சியாகத் திரண்டு நிற்பதைவிட, முன்னும் பின்னும் பரவும் மனநிலையாகத் தங்குகிறது.

இரண்டு படங்களும் எதிர்பாராமல் கைகோர்க்கும் இடம் ஒன்று உண்டு. பாதி வழியில் கேமரா கொலையாளியைக் கைவிட்டுப் பெண்ணோடு போய்விடுகிறது. கல்யாணமாகி அந்த மாளிகைக்கு வந்த சாரதா தனியே அறை அறையாகப் போகும் இரவில், திலீப்பின் கண்ணாக இருந்த கேமரா சாரதாவின் கண்ணாகிறது. சுவரில் எழுதியிருப்பதை அவளோடு சேர்ந்துதான் நாமும் படிக்கிறோம். திறக்கக்கூடாத அறையைத் திறந்த மனைவியின் கதையை 1697இல் பெரோ ‘நீலத்தாடி’ என்று பிரெஞ்சில் அச்சேற்றினார். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த எங்கள் ஊரில் அந்தக் கதையைச் சின்ன வயதில் படித்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் காட்சி இரட்டைத் திகிலாக இருந்திருக்கும். சாரதாவாக நடிக்கும் ஸ்ரீதேவியின் அகன்ற கண்களை விளக்காகவே வைத்துக்கொண்டு நிவாஸ் அந்த வீட்டைக் காட்டுகிறார்.

ரேகாவுக்குத் திறக்க அறை எதுவும் இல்லை, அவள் இருப்பதே அந்த அறைக்குள்தான். கடத்திவந்தவன் யார் என்பதும் அவளுக்குத் தெரியும். எனவே அவள் தேடுவது ரகசியத்தை அல்ல, அவன் மனத்துக்குள் நுழைய ஒரு வழியை. சந்துரு கிதாரோடு உட்கார்ந்து பாடும் புகழ்பெற்ற பாடலை அந்த நோக்கில் மறுபடி பாருங்கள். ஜேசுதாஸின் குரலும் இளையராஜாவின் கிதாரும் காதல் பாட்டாகவே ஒலிக்கின்றன. கேமரா மட்டும் அதை நம்பாமல் ரேகாவாக நடிக்கும் ஷோபாவின் முகத்துக்கு வந்து, கேட்பவள் சிறைப்பட்டவள் என்பதை நினைவூட்டிவிட்டுப் போகிறது. ‘மூடுபனி’ இளையராஜாவின் நூறாவது படம், பாலு மகேந்திராவோடு அவர் சேர்ந்த முதல் படமும் அதுவே. அந்தப் படம் வெளிவருவதற்குள், 1980 மே 1 அன்று, ஷோபா இறந்துவிட்டார். அதை அறிந்து பார்க்கிறவருக்கு அந்த முகம் தரும் கனத்தை ஒப்பீட்டில் சேர்ப்பது நியாயமில்லை. சேர்க்காமல் இருப்பதும் எளிதில்லை.

1980ஆம் ஆண்டு இன்னும் இரண்டு செய்திகளைத் தருகிறது. பாரதிராஜா தன் படத்தை ராஜேஷ் கன்னாவை வைத்து ‘ரெட் ரோஸ்’ என்று இந்தியில் எடுத்தது அந்த ஆண்டுதான். நிவாஸ் ‘கல்லுக்குள் ஈரம்’ படத்தை இயக்க, அதில் பாரதிராஜா நடித்ததும் அதே ஆண்டுதான். இயக்குநரையும் ஒளிப்பதிவாளரையும் பாலு மகேந்திரா தன் ஒரே உடலுக்குள் வைத்திருந்தார். பாரதிராஜாவும் நிவாஸுமோ இடம் மாறி நின்று பார்த்தார்கள்.

இந்த இரண்டு படங்களுக்கும் அடியில் ஓடும், ஆண் பெண்ணைக் கண்டு அஞ்சும் கதை எங்கள் ஊருக்குப் பழையது. காரைக்கால் அம்மையார் என்று பின்னால் போற்றப்பட்ட மனைவி புனிதவதியின் கையில் கேட்டதும் ஒரு மாங்கனி வந்ததையும் அது தன் கையில் மறைந்ததையும் கண்ட பரமதத்தன் நடுங்கிப்போனான். கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்துகொண்டான், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான், தேடிவந்த மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்தான். அவளோ பிறர் பார்வை விழும் தசையை உதிர்த்துப் பேயுருவை வேண்டிப் பெற்றாள். ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனி இறைப்பது இன்றும் நடக்கிறது. 1973இல் இந்தக் கதையைப் படமாக்கிய ஏ.பி. நாகராஜன் இளம் புனிதவதிக்கு லட்சுமியையும் அம்மையாருக்கு கே.பி. சுந்தராம்பாளையும் வைத்தார். ஒரே பெண்ணுக்கு இரண்டு உடல் தேவைப்பட்டது.

திகில் படங்களுக்கு நடுவே அம்மையாரை ஏன் கொண்டுவர வேண்டும் என்று கேட்கலாம். அவர் கதையில் ஆணின் அச்சத்துக்குப் பெண் மேல் பழி விழவில்லை. பரமதத்தன் அஞ்சினான், விலகினான், வணங்கினான். இந்த இரண்டு படங்களிலும் பழி விழுகிறது. திலீப்பின் சிறுவயதில் அவனைச் சீண்டிவிட்டு அவன்மேலேயே குற்றம் சுமத்திய ஒரு பெண் இருக்கிறாள், கணவனை ஏமாற்றிய இன்னொருத்தி இருக்கிறாள். சந்துருவின் சிறுவயதில் தாயின் துன்பத்துக்குக் காரணமான பாலியல் தொழிலாளி இருக்கிறாள், அடித்த தந்தை இருக்க, மகனின் கத்தி அவளைப் போன்றவர்களைத் தேடிப் போகிறது. தந்தையின் படமும் தாயின் படமும் கடைசியில் ஒரே தவறான வாசலில்தான் வந்து நிற்கின்றன. இத்தனை வேறுபட்ட இரண்டு கண்களும் இந்த இடத்தில் ஒன்றுபோல் மங்கிப்போவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற ஒற்றுமை.

இருந்தும் இரண்டிலும் கேமரா திரைக்கதையைவிட அதிகம் அறிந்திருக்கிறது. திரைக்கதை பெண்ணைக் காரணம் காட்டிக்கொண்டிருக்க, கேமரா சாரதாவின் பின்னாலும் ரேகாவின் பக்கத்திலும் போய் நின்றுவிட்டது. குறியீட்டின் வலிமையை மட்டும் எடை போட்டால் ‘சிகப்பு ரோஜாக்கள்’ ஒரு படி மேல். தோட்டம், திரைக்குள் திரை, சுவர் எழுத்து என்று மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒளிப்பதிவின் முதிர்ச்சியை எடை போட்டால் ‘மூடுபனி’. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னும் அதன் ஜன்னல் ஒளி பழையதாகவில்லை. இரண்டையும் ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ‘சிகப்பு ரோஜாக்கள்’ பாதி அச்சத்தை இழந்துவிடும், ‘மூடுபனி’ ஏறக்குறைய எதையும் இழக்காது.