சோபாவுக்குள் ரப்பர் பால்

பழைய சோபாத் திண்டுக்குள் இருப்பது எந்த நுரை என்று அறிய அதைத் திருப்பிப் பார்த்தால் போதும். அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாக வட்டத் துளைகள் இருந்தால் அது அச்சில் வார்த்த லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால் நுரை. துளையில்லாமல், கத்தியால் அறுத்த பலகைபோல இருந்தால் பெரும்பாலும் பாலியூரிதேன், பெட்ரோலியத்தின் வழி வந்தது.

பார்க்டேலில் க்வீன் தெரு மேற்கின் பழைய மரச்சாமான் கடைகளில் 1950களின் சோபாக்களுக்குத் தனி மதிப்பு உண்டு. நான் வாங்கியதில் துளைகள் இருந்தன. ரப்பர் மூப்படைந்து, தொட்டால் ரஸ்க்போல உதிர்ந்தது. புது நுரை விற்பவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: அடர்த்தி எவ்வளவு, கடினம் எவ்வளவு? இரண்டும் ஒன்றல்ல. கடினம் என்பது உட்காரும்போது எவ்வளவு அமுங்கும் என்பது. அடர்த்தி என்பது ஒரு கன அடி நுரையின் எடை. எத்தனை வருடம் உழைக்கும் என்பதை அதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. மென்மையான நுரையும் அடர்த்தியாக இருக்கலாம். கல்போன்ற நுரையும் இரண்டே வருடத்தில் பள்ளம் விழலாம். இந்த நுரை எங்கிருந்து வந்தது, யார் கையால் வந்தது என்ற மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. தமிழருக்கு அதைக் கேட்கக் காரணம் இருக்கிறது.

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அதே ஆண்டில் கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி வந்து ரப்பர் விலை ஏறியதும், மலாயாவின் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றினார்கள். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

பால் வெட்டு விடியலுக்கு முன் தொடங்கும். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். சிரட்டையில் சேரும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அமிலம் விட்டால் உறைந்து ஷீட்டாகும். அமோனியா சேர்த்தால் உறையாமல் நிற்கும். இயந்திரத்தில் சுழற்றிக் கெட்டியாக்கிக் கப்பலில் அனுப்பலாம். 1929இல் பிரிட்டனின் டன்லப் நிறுவன ஆய்வாளர்கள் இந்தப் பாலை முட்டை வெண்கருபோல அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றி, ஆவியில் வேகவைத்தார்கள். அச்சிலிருந்த கம்பிகள் விட்ட தடமே அந்தத் துளைகள்.

அதுவரை சோபா என்றால் சுருள் வில், குதிரைமயிர், தென்னந்தும்பு எல்லாம் அடைத்த பருமனான பொருள். நுரை வந்ததும் அந்தப் பருமன் தேவையற்றுப் போனது. இத்தாலியில் பிரெல்லி நிறுவனத்தின் ரப்பர் நுரையைக் கொண்டு மார்க்கோ ஸனூசோ வடிவமைத்த ‘லேடி’ நாற்காலி 1951இல் மிலான் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. நாம் இன்று வியக்கும் அந்தக் காலத்து மெலிந்த வடிவத்தில் பாதி வடிவமைப்பாளரின் கோடு, மீதி ரப்பர்.

பார்க்டேலுக்கும் இதில் பங்குண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெஸ்ட் லாட்ஜ் அவென்யூவில் கட்டா பெர்ச்சா அண்ட் ரப்பர் நிறுவனத்தின் பெரிய ஆலை இயங்கியது. டயர், குழாய், இயந்திரப் பட்டை செய்தார்கள். கட்டா பெர்ச்சா என்பதே மலாய்ச் சொல். ஒரு மரத்தின் பாலைக் குறிப்பது. உலக ரப்பரில் பெரும்பகுதி மலாயா, இலங்கை, டச்சு கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த காலம் அது. ஈழத்து அகதிக் குடும்பங்கள் பார்க்டேல் அடுக்ககங்களில் குடியேறுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு இங்கே வந்து இறங்கியிருந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பது. படை இறக்கப்பட்டது, தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள். மறு ஆண்டே மலாயா ஜப்பானிடம் விழுந்தது. ரப்பர் வரத்து அற்றுப்போன கனடா, 1942இல் ஒன்டாரியோவின் சார்னியாவில் செயற்கை ரப்பருக்காக பாலிமர் கார்ப்பரேஷனை நிறுவியது. 1971 வரிசைப் பத்து டாலர் நோட்டின் பின்புறத்தில் இருப்பது அந்த ஆலைதான். ஜப்பானியர் பிடித்த மலாயாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்கள் எந்த நோட்டிலும் இல்லை.

இலங்கையில் வேறு விதமாக நடந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் தேயிலை, ரப்பர் தோட்டங்களின் இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவராக்கியது. அந்தக் கேள்வியில் தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, 1949 டிசம்பரில் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிக்கை போட்டது. டொராண்டோவில் நம் இடப்பெயர்வு வரலாற்றை 1983இலிருந்து சொல்லத் தொடங்குகிறோம். கலவரமோ குண்டோ இல்லாமல், ஒரு சட்ட வரியால் வீடிழந்தவர்கள் அதில் விட்டுப்போகிறார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினரை நான் பிறந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு குடியமர்த்தியது. கீரிப்பாறைப் பக்கத்து மலைகளில் அவர்களுக்குக் கொடுத்த வேலை மறுபடியும் பால் வெட்டு. 1984இல் அத்தோட்டங்களுக்காக அரசு ரப்பர் கழகம் அமைந்தது. கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூரிலும் இதே கதை.

1950களின் நடுவிலிருந்து பாலியூரிதேன் பரவியது. மலிவு, எடை குறைவு, எந்த அளவிலும் அறுக்கலாம். சோபாக்களிலிருந்து லேடெக்ஸ் மெல்ல விலகியது. இன்று இரண்டும் கிடைக்கின்றன. முதுகுத் திண்டுக்குப் பாலியூரிதேன் போதும் என்று முடிவு செய்தேன். ஆட்களின் எடை தாங்கும் இருக்கைக்கு லேடெக்ஸ். நான்கு அங்குலத்துக்கு மேல் இடம் தராத சட்டத்தில், அடி தட்டாமல் தாங்க அதன் அடர்த்தி உதவும். வாங்குவோர் ‘லேடெக்ஸ்’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல், எத்தனை சதவீதம் இயற்கை ரப்பர் என்று கேட்க வேண்டும். செயற்கை ரப்பர் கலந்ததும் அதே பெயரில்தான் விற்கிறது. விலை கணிசமாகக் கூடும். அந்தக் கூடுதல் பணம் பால் வெட்டுகிறவர் கைக்குப் போகிறது என்று நான் ஏமாறவில்லை. கீரிப்பாறைத் தோட்டங்களில் கூலி உயர்வுக்காகத் தொழிலாளர்கள் இந்த நூற்றாண்டிலும் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள்.