கொல்லிமலையில் காய்ச்சலும் கொசுவும்: உறங்குமிடத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

காலனிய ஆட்சிக்கால எழுத்துகள் கொல்லிமலையைக் காய்ச்சல் மிகுந்த மலையாகவே அறிமுகப்படுத்துகின்றன. இவ்வறிமுகம் நோயை மலையின் காற்றுக்கும் நீருக்கும் உரிய இயல்பாக ஆக்கிவிட்டது. ஓடை, வயல், வீடு, இரவு ஆகியவை அமைந்திருந்த முறையே காய்ச்சலைத் தீர்மானித்தது என இக்கட்டுரை வாதிடுகிறது. 1913 முதல் வாழவந்தியில் வாழ்ந்த ஜெசி, எவெலின் பிராண்ட் இணையரின் வீடு இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, மலேரியா, மலையாளிகள், வாழிடம், கருநீர்க்காய்ச்சல், டி.டி.டி.

முன்னுரை

இன்று நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ள கொல்லிமலை, 1997இல் அம்மாவட்டம் உருவாகும்வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்துள்ள இம்மேட்டுநிலம் 14 நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. 'கொல்லி' என்னும் பெயரைக் கொல்லும் காய்ச்சலோடு இணைத்துக் கூறும் விளக்கம் இன்றும் வழக்கில் உள்ளது. சங்கப் பாடல்கள் இதற்கு இடம் தருவதாகத் தெரியவில்லை. புறநானூற்றில் வன்பரணரும் (152, 153) கழைதின் யானையாரும் (204) பாடுவது ஓரியின் கொடையை. குறுந்தொகையும் (89, 100) நற்றிணையும் (201) பேசுவது கொல்லிப்பாவையை. காய்ச்சலைப் பற்றிய குறிப்பு இப்பாடல்களில் இல்லை. அதனைக் கொண்டு அக்காலத்தில் நோயே இல்லை என்று துணிதல் கூடாது. அகமும் புறமும் பாடியவர்கள் நோய்ப் பதிவேடு எழுதவில்லை. எனினும், பிற்காலப் பட்டறிவொன்று பழம்பெயருக்குள் ஏற்றி வாசிக்கப்பட்டுள்ளது என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம்.

கொல்லிமலையின் காய்ச்சல் வரலாறு இதுவரை பெரும்பாலும் மருந்தின் வரலாறாகவோ சமயப் பணியின் வரலாறாகவோதான் எழுதப்பட்டுள்ளது. மனிதர் இரவில் எங்கே உறங்கினர் என்னும் எளிய வினா கேட்கப்படவில்லை. அவ்வினாவின் பயனை முதலில் உணர்த்தியவர்கள் மலைவாழ் மக்களோ மருத்துவமனை மருத்துவர்களோ அல்லர்; கப்பலில் வாழ்ந்தவர்கள். ஆகவே கடலிலிருந்து தொடங்குதல் பொருந்தும்.

கரையும் கப்பலும்

ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், 1747இல் 'சாலிஸ்பரி' போர்க்கப்பலில் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சை, ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துச் சோதித்தவர் என்ற அளவில் பரவலாக அறியப்பட்டவர். வெப்பநாடுகளுக்குச் செல்லும் ஐரோப்பியரின் நோய்களைப் பற்றி 1768இல் அவர் எழுதிய நூலோ தமிழ் ஆய்வுலகில் அதிகம் பேசப்படவில்லை. கப்பலைக் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட வேண்டும், பகலில் கரையேறிய மாலுமிகள் பொழுது சாயுமுன் கப்பலுக்குத் திரும்பி அங்கேயே உறங்க வேண்டும் என்பது அந்நூலின் அறிவுரைகளுள் ஒன்று. சதுப்புநிலத்திலிருந்து எழும் நச்சாவியே காய்ச்சலுக்குக் காரணம் என லிண்ட் நம்பினார். நம்பிக்கை தவறு, நடைமுறை சரி. அனாபிலிஸ் கொசு பெரும்பாலும் இரவில் கடிப்பது. பிறந்த நீரிலிருந்து பொதுவாக ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் செல்வதில்லை. கப்பலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பு, காரணம் அறியப்படாமலே ஒரு வேலியாகப் பயன்பட்டது.

இவ்வேலிக்கும் எல்லை இருந்தது. கப்பலின் குடிநீர்ப் பீப்பாய்களிலேயே இனம் பெருக்கும் ஏடிஸ் கொசு, மாலுமிகளோடு பயணம் செய்து மஞ்சள் காய்ச்சலைத் துறைமுகம்தோறும் சேர்த்தது. ஆற்றுமுகத்தில் கரையொட்டிக் கட்டப்பட்ட படகில் வாழ்ந்தவனுக்கு லிண்டின் அறிவுரையால் பயனில்லை. உறங்குமிடத்துக்கும் கொசு பிறக்கும் நீருக்கும் இடைப்பட்ட தொலைவே ஆளை நோயிலிருந்து காத்தது. மரக்கலத்துக்கெனத் தனித்த ஆற்றல் எதுவும் இல்லை. இமயமலை அடிவாரத் தெராய்க் காடுகளைப் பகலில் கடந்துவிட்டு, அங்கு இரவு தங்குவதைத் தவிர்த்த பயணிகளின் வழக்கமும் இதே அறிவின் நிலவடிவம் எனலாம்.

மலைவாழ் மக்களுக்கு இவ்வழி அடைபட்டிருந்தது. வயலும் ஓடையும் வீடும் ஒரே பள்ளத்தாக்கில் இருக்கையில், பொழுது சாய்ந்ததும் திரும்பிச் செல்ல அவர்களுக்கு வேறு கப்பல் இல்லை.

காய்ச்சல் மலை என்னும் அடையாளம்

சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பின்னர் அது ஐரோப்பியரின் குளிரிடமாகவும் தோட்டப் பகுதியாகவும் வளர்ந்தது. கொல்லிமலை அவ்வாறு வளரவில்லை. செங்குத்தான ஏற்றமும் பாதையின்மையும் இதற்குக் காரணங்கள். காய்ச்சல் பற்றிய அச்சமும் அவற்றோடு சேர்ந்து இயங்கியது. இவ்வகையில் மலையாளிகளின் நிலத்துக்குக் காய்ச்சல் ஓர் அரணாகவும் அமைந்தது என்னும் கருத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆனால் அவ்வரணுக்கான விலையைச் செலுத்தியவர்கள் யார் என்பதையும் உடன் கேட்க வேண்டும்.

மலைவாழ் மக்களுக்கு இந்நோய் இயல்பாகவே தீங்கு செய்வதில்லை என்பது அக்கால அலுவலர், தோட்டக்காரரிடையே பரவியிருந்த கருத்து. கொல்லிமலையைப் பொறுத்தவரை இதில் வெளிப்படையான முரண் உள்ளது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பதும், உடன்பிறந்தோர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பதும் மலையாளிகளின் வாய்மொழி மரபு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பிலும் இம்மரபு இடம்பெற்றுள்ளது. சமவெளியிலிருந்து வந்தவர்கள் என்று பதிவு செய்யப்பட்ட ஒரு மக்களுக்குப் பிறவியிலேயே மலைக்காய்ச்சலை எதிர்க்கும் உடல் எவ்வாறு வாய்த்திருக்கும்?

விடை மருத்துவ ஆய்வுகளிலேயே இருந்தது. நோய் ஓயாது நிலவும் இடத்தில் பிறந்த குழந்தை மீண்டும் மீண்டும் காய்ச்சலுக்கு ஆளாகிறது. பிழைத்தால் ஓரளவு எதிர்ப்பாற்றலைப் பெறுகிறது. இதனால்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியா ஆய்வாளர்கள் பெரியவர்களை விடுத்துக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியோரின் விழுக்காட்டைக் கணக்கிட்டனர். அலுவலர் கண்ட உறுதியான மலைவாழ் மனிதர், இறந்துபோன உடன்பிறப்புகளுக்கிடையே எஞ்சியவர். இவ்வெதிர்ப்பாற்றலை இனத்தின் இயல்பாகக் கொண்டமை, குழந்தை இறப்பைப் பார்வையிலிருந்து மறைத்தது.

வாழவந்தி வீடு

ஜெசி பிராண்ட் 1907இல் இந்தியா வந்த ஆங்கிலேய பாப்திஸ்து ஊழியர். சேந்தமங்கலத்திலிருந்து மலைக்குச் சென்றுவந்த அவர், 1913இல் எவெலின் ஹாரிஸை மணந்த பின் வாழவந்தியில் நிலையாகத் தங்கினார். பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்ற பால் பிராண்ட், 1914இல் பிறந்த இவர்களின் மகன். டோரதி கிளார்க் வில்சன் எழுதிய வாழ்க்கை வரலாறுகளும் பால் பிராண்டின் நினைவுக் குறிப்புகளும் இக்குடும்பத்தைப் பற்றிய முதன்மை வாயில்கள். அவை ஈகத்தை முன்னிறுத்தும் நடையில் எழுதப்பட்டவை. வீட்டின் அமைப்பை அவை போகிறபோக்கில் சொல்லிச் செல்வதே ஆய்வாளருக்குக் கூடுதல் நம்பிக்கை தருகிறது.

அவ்வீடு தரையில் அமரவில்லை. தூண்கள்மேல் உயர்த்திக் கட்டப்பட்ட மரவீடு அது. கரையான் ஏறாதிருக்க ஒவ்வொரு தூணின் தலையிலும் வாணலியைக் கவிழ்த்தது போன்ற உலோகத் தகடு பொருத்தப்பட்டிருந்தது. கரையான் மண்குழாய் அமைத்தே ஏறும். தகட்டின் விளிம்பைச் சுற்றிவந்து மேலேறுவது அதற்கு அரிது. ஏறினாலும் குழாய் கண்ணில் பட்டுவிடும். தானியக் குதிரைத் தரையிலிருந்து உயர்த்திவைக்கும் உழவர்க்கு இந்த அறிவு புதிதன்று. தரையிலிருந்து பிரிந்து நின்ற அவ்வீட்டைக் கரையில் நிறுத்திய மரக்கலம் எனலாம்.

ஆனால் அந்த வேலி ஊர்ந்து வருவதற்கு எதிரானது. பறந்து வருவதை அது தடுக்கவில்லை. பிராண்ட் குடும்பத்தினர் அறியாமையால் இவ்வாறு வாழ்ந்தனர் என்று கொள்ள முடியாது. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்திருந்தார். (அதே ஆண்டு நீலகிரிச் சரிவிலுள்ள சிகூர்ப் பகுதியில் ஆய்வுக்குச் சென்ற ராஸே காய்ச்சலுக்கு ஆளானார் என்பது இவ்வரலாற்றில் மறக்கத்தகாத செய்தி.) ஜெசி இந்தியா வருமுன்பே இக்கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. ஊழியத்துக்கு வருமுன் ஜெசி பெற்ற மருத்துவப் பயிற்சி ஓராண்டுக்கு உரியதே எனினும், கொசுவைப் பற்றி அறிவதற்கு அது போதும். கையிலிருந்த கருவிகள் குயினைனும் கொசுவலையும். நோயாளியைப் பார்க்க ஊர் ஊராக நடந்து, கிடைத்த குடிசையில் இரவு தங்கியவருக்கு வலை எப்போதும் துணைவந்திருக்க இயலாது.

1929 ஜூன் மாதம் ஜெசி பிராண்ட் கருநீர்க்காய்ச்சலால் இறந்தார், அகவை 44. சிவப்பணுக்கள் பெருமளவில் உடைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாக வெளியேறும் இந்நிலை, பால்சிபாரம் வகை மலேரியாவுக்குத் திரும்பத் திரும்ப ஆட்பட்டு, குயினைனை விட்டுவிட்டு உட்கொண்டவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது. வங்காளத்துத் துவார் தேயிலைத் தோட்டங்களில் கிறிஸ்டோபர்ஸ், பென்ட்லி ஆகிய இருவரும் இந்நோயை ஆராய்ந்து 1908இலேயே அறிக்கை வெளியிட்டிருந்தனர். சுருங்கச் சொன்னால், ஜெசியைக் கொன்றது அறிவியல் அறிந்திருந்த ஒரு நோய். அறிவு வாழவந்தியை எட்டியிருந்தது. அதனை ஒவ்வோர் இரவும் செயற்படுத்தும் வசதி எட்டவில்லை. மலையின் நச்சுக்காற்று என்ற பழைய விளக்கத்துக்கு இங்கு வேலையே இல்லை.

ஓடையும் படிவயலும்

தென்னிந்திய மலைப்பகுதிகளில் மலேரியாவைப் பரப்புவதில் பெயர்பெற்ற அனாபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ், சாக்கடையிலோ குட்டையிலோ பிறப்பதில்லை. புல் ஓரமிட்ட, மெல்ல ஓடும் தெளிந்த நீரை அது நாடும். மலையோடைகளின் விளிம்பு, நீர்க்கசிவு, பள்ளத்தாக்கின் படிவயல்களுக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால் ஆகியவை அதற்கு ஏற்றவை. கொல்லிமலையின் பள்ளங்களில் நெல்லும், சரிவுகளில் சாமை முதலிய சிறுதானியங்களும் விளைந்தன. நெல்லுக்கு வேண்டிய நீரின் அருகே ஊர் அமைந்தபோது, கொசுவின் அருகேயும் அமைந்தது. தூய நீர் நோய் தராது என்ற பொதுநம்பிக்கை இங்குப் பொருந்தாமற் போயிற்று. சமவெளி நகரங்களின் நலவாழ்வு விதிகளை மலைக்கு அப்படியே எடுத்துவருவது பயன் தராது என்பதும் இதனால் புலப்படும்.

மூங்கில் தட்டிக்கு மண் பூசி, புல் வேய்ந்த மலையாளிகளின் வீடுகள் குளிருக்கு ஏற்றவை. அடுப்புப் புகை கொசுவை ஓரளவு விரட்டும். அடுப்பு அணைந்த பின்னிரவில் அப்பாதுகாப்பும் அகலும். கடித்த கொசு இளைப்பாற இருண்ட மண்சுவர் அருகிலேயே இருக்கிறது.

சுவரும் பரணும்

1953 ஏப்ரலில் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம், கொசுவின் இந்த இளைப்பாறும் பழக்கத்தையே குறிவைத்தது. வீட்டின் உட்சுவரில் டி.டி.டி. தெளித்தால், அதில் அமரும் கொசு சாகும். உறங்குமிடத்தை நீரிலிருந்து அகற்ற முடியாத மக்களுக்கு, உறங்குமிடத்தின் சுவரையே நஞ்சாக்கித் தந்த திட்டம் அது. விடுதலைக் காலத்தில் நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் நோயுற்றனர், 8 லட்சம் பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. 1958இல் ஒழிப்புத் திட்டமாக மாற்றப்பட்ட இம்முயற்சியால், 1965 அளவில் நோயுற்றோர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. மருந்துக் கடையோ மருத்துவரோ எட்டாத ஊர்களிலும் குழந்தைகள் பிழைத்தனர் என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் திட்டத்தின் சுவர் செங்கற்சுவர். மலைவீட்டின் சுவர் மண்சுவர். மண் மருந்தை உள்ளிழுத்து அதன் வீரியத்தைக் குறைத்தது. பண்டிகைக்கு மெழுகிப் பூசும்போது மருந்து மறைந்தது. இதைவிட முதன்மையான இடைவெளி ஒன்றுண்டு. கதிர் முற்றும் காலத்தில் விலங்குகளிடமிருந்து பயிரைக் காக்க மலைவாழ் உழவர் இரவைக் காட்டுக்குடிசையிலும் பரணிலும் கழிப்பர். குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனக் காவலாக நாம் படிக்கும் வாழ்க்கையே இது. தெளிப்பதற்கு அங்குச் சுவரே இல்லை. தெளிப்புக் குழு வீட்டுக் கதவெண்ணைக் குறித்துச் சென்றது; வீட்டுக்காரர் உறங்கியது வேறிடத்தில். இந்தியாவின் பல மலை, காட்டுப் பகுதிகளில் ஒழிப்புத் திட்டம் தடுமாறியதற்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

எவெலின் பிராண்ட், கணவர் இறந்த பின்னும், சபை ஓய்வு அளித்த பின்னும் மலைகளை விட்டு நீங்கவில்லை. 1974 டிசம்பரில் 95ஆம் அகவையில் இறந்தபோது வாழவந்தியில் ஜெசியின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார். இரண்டே ஆண்டுகளில், 1976இல், நாட்டில் 64 லட்சம் பேருக்கு மலேரியா மீண்டும் பதிவாயிற்று. கரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலை இன்று கொல்லிமலையைச் சமவெளியோடு இணைக்கிறது. காய்ச்சல் பற்றிய அச்சம் விலகிய நிலத்தில் மரவள்ளிக் கிழங்கும் காப்பியும் மிளகும் பரவின. சமவெளி வணிகரும் வந்தனர். காய்ச்சல் காத்த நிலம், காய்ச்சல் நீங்கியபின் யார் கையில் எவ்வளவு மாறியது என்பதை நாடுவாரியான நில ஆவணங்களைக் கொண்டு தனியே ஆராய வேண்டியுள்ளது.